காதுகுத்துல விட்டுப்போன பேரு

உக்கார மாட்டேன் சம்பந்தி, நின்னே பேசுறேன். காது குத்துற ஆசாரியும் கொஞ்சம் பொறுக்கட்டும். வரிசையாவே சொல்லிடறேன்.

மொதல்ல, கல்யாணமாகி மூணாம் மாசம். எம் பொண்ணு வளர்மதி அடுப்புல பால வச்சிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போயி மறந்துட்டா. கருகினது பாத்திரம். லூசுன்னு பேரு வாங்குனது அவ.

அடுத்தது மேல்மலையனூரு கோயிலு, பேயி புடிச்சிருக்குன்னு. அமாவாசக் கூட்டத்துல தலைய விரிச்சு உட்டு வேப்பிலையால அடிக்க வச்சீங்க. பேயி ஓடலியாமே? இருந்தாத்தான ஓடும்.

அதுக்கப்புறம் பாண்டிச்சேரி டாக்டரம்மா. நாந்தான் கூட்டிக்கினு போனேன். ஏடிஎச்டின்னாங்க. கவனம் ஒண்ணுத்துல நிக்காது, பொறவியிலயே வர்றது, சோம்பேறித்தனம் இல்லன்னாங்க. அங்கயே உக்காந்து அழுதா. இத்தினி வருசமா எம்மேலதான் தப்புன்னு நெனச்சேனே நைனான்னு. அந்த மாத்திரையத்தான் நீங்க சாக்கடையில கொட்டுனீங்க, பைத்தியத்துக்குக் குடுக்கறதுன்னு.

இன்னிக்கு, பந்தியில எதனா கவுத்துடுவான்னு பெத்தவள மண்டபத்து வாசல்லயே நிக்க வச்சிட்டீங்க. மைக்குல அப்பா பேரு, தாத்தா பேரு, அத்தைங்க பேரு வரைக்கும் படிச்சாச்சு. அவ பேரு இல்ல. கொழந்த இப்ப எம் பையன் எழிலன் மடியிலதான உக்காந்திருக்குது? தாய்மாமன் மடி வேணும், தாயி வேணாமா?

இன்னா, தனியாப் பேசிக்கலாமா? லூசுன்னு தனியாவா சொன்னீங்க? தெருவே கேக்கறாப்புலதான சொன்னீங்க. மானத்தப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க சம்பந்தி. ஊருக்குத் தண்ணி வேணும், ரோடு வேணும்னு போராடி, இதே செஞ்சி டவுனு பஸ் ஸ்டாண்டுல லத்தியடி வாங்குனவன் நானு.

காலையில சீர்த்தட்டை பஸ்லயே உட்டுட்டு வெறுங்கையோட எறங்கி வந்தேனே. இந்நேரம் அது திண்டிவனம் போயிருக்கும். நீங்க இன்னா சொன்னீங்க? தலைவருக்கு ஆயிரம் யோசனைன்னு சிரிச்சீங்க. நான் ஒரு எடத்துல உக்காந்ததில்ல. எடுத்த வேலைய முடிச்சதில்ல. அடுத்தவன் பேசுறப்ப வாய மூடுனதில்ல. அதுக்கெல்லாம் ஊரு எனக்கு மாலை போட்டுச்சு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் பாருங்க. டாக்டரம்மா என்னியும் உக்கார வச்சுக் கேள்வி கேட்டாங்க. எனக்கும் அதேதானாம். எங்கிட்டருந்துதான் அவளுக்கு வந்திருக்கும்னாங்க.

மைக்குலருந்து கைய எடுங்க, அது ஆன்லதான் இருக்குது.

சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டுக்குங்க. கொழந்தயப் பெத்தவ பேரு உட்டுப்போச்சு. இந்தத் தனகோட்டியோட பொண்ணு, வளர்மதி.