ஆள் குறைந்த பாயும் அழகரத்தினத்தின் முறையும்

தலைமை தாங்கும் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் நல்லரத்தினம் அவர்களே! ஆலய நிருவாகம் பார்க்கும் வண்ணக்கர்மாரே! வலை இழுத்துக் கறுத்த தோள்களோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! முப்பத்தொரு நாளாய்க் கண்ணீரில் முகம் கழுவும் தாய்மாரே! பின்னாலே, வேம்பின் கீழே, விருந்தாளிகளைப் போல ஒதுங்கியிருக்கும் மாப்பிள்ளைமாரே! உங்களில் ஒருவனான கோணாமலையின் வணக்கம்.

என் மனைவி சீதேவியின் அண்ணன் அழகரத்தினத்துக்கு இன்று முப்பத்தோராம் நாள். அஞ்சா நெஞ்சன் என்றார்கள், வாவியின் வேந்தன் என்றார்கள். நான் புகழ வரவில்லை. அவன் எப்படிச் செத்தான் என்று சொல்ல வந்தேன். அதைச் சொல்ல, முதலில் போக்கர் விளையாட்டைச் சொல்லவேண்டும்.

என்ன தாயே? செத்தவன் நாளில் கடதாசி விளையாட்டுக் கதையா என்கிறீர்களா? ஓம், அதேதான். கேட்டுவிட்டு ஏசுங்கள்.

சண்டையில் வீதி அடைபட்ட நாள் முதல், நம் நோயாளரை வாவி வழியே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குத் தோணியில் கொண்டுபோனவர்கள் ஒன்பது பேர். ஊரடங்கு போட்ட பகல்களில் அந்த ஒன்பது பேரும் வலைவாடிக் குடிசையில் பாய் விரித்துப் போக்கர் விளையாடுவார்கள். பந்தயம் நெருப்புக்குச்சி. நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பேன். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர், தன் கடதாசியைப் பார்க்குமுன்பே, இரண்டு குச்சியைக் கட்டாயமாக நடுவில் வைக்கவேண்டும். அந்தக் கட்டாயம் வரிசையாகச் சுற்றி வரும். ஒன்பது பேர் இருந்தால் ஒன்பது ஆட்டத்துக்கு ஒருமுறை! மற்ற எட்டிலும் கைக்கு வந்தது குப்பையென்றால் எறிந்துவிட்டுக் காத்திருக்கலாம். காத்திருப்பதில் மன்னன் அழகரத்தினம். ஐம்பது குச்சியோடு உட்கார்ந்தால் நாற்பதுக்குக் கீழே இறங்கமாட்டான், அறுபதுக்கு மேலே ஏறவும் மாட்டான்.

ஆள் குறைந்தது. ஒருவர் கட்டாருக்குப் போனார். இருவர் வாவியின் மேற்குக் கரைக்கு, படுவான்கரைக்குப் போய் அங்கேயே தங்கினர். இருவர் சந்தைக்குப் போனார்கள், திரும்பவேயில்லை. மிஞ்சியது நாலு பேர். அதே பாய், அதே கடதாசி, அதே கெட்டிக்காரன்! ஆனால் ஒருநாள் நூற்றைம்பது குச்சி குவிப்பான். மறுநாள் பல் குத்தவும் ஒரு குச்சி மிஞ்சாது.

“என்ன மச்சான், உன்ட கெட்டித்தனம் எங்க போயிற்று?” என்று கேட்டேன்.

“கடதாசி மாறல்ல மச்சான். ஆள் குறைஞ்சிட்டு. கட்டாயம் கெதியா கெதியா வருகுது. குப்பயெண்டாலும் எறிஞ்சிட்டு இருக்க ஏலாம கிடக்கு” என்றான்.

நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேன்!

எந்த நாள் யார் தோணி கொண்டுபோவதென்று முறைக்கொப்பி எழுதியவன் யார்? சங்கச் செயலாளனாகிய நான். இந்த ஊருக்கு வாழ வந்த மாப்பிள்ளைமார் இருபத்துமூன்று பேர். அவர்களில் எத்தனை பெயர் அந்தக் கொப்பியில்? ஒன்றுகூட இல்லை! ஏன்? மாப்பிள்ளை மனைவியின் குடிக்கு விருந்தாளியாம். அவனுக்கு ஏதும் நடந்தால் அவன் தாய்வீட்டுக்கு யார் பதில் சொல்வதாம்? குருக்கள்மடத்திலிருந்து வந்து பதினெட்டு வருடம், நான் இன்னமும் விருந்தாளி! அந்த வழக்கம் எனக்கு வாய்ப்பாக இருந்தது. அதனால் வாய் திறக்கவில்லை. இது வெட்கம்.

போன மாதம் காய்ச்சல் பரவியது. திங்கட்கிழமை அழகரத்தினம் போய்வந்தான். செவ்வாய், புதன், வியாழன் மற்ற மூவரும் போனார்கள். வெள்ளிக்கிழமை நம் ஊர் இலட்சுமிப்பிள்ளைக்குப் பிரசவ வலி. வாவியைக் கலக்கும் கச்சான் காற்று அடித்தது. அழகரத்தினம் என் வாசலில் வந்து நின்றான்.

“மச்சான், இண்டைக்கு ஏலாது. மேல் கொதிக்குது. ஆரையும் மாத்திப் போடு.”

நான் கொப்பியை விரித்துக் காட்டினேன். “முறை உன்ட தானே மச்சான்.”

போனான். பிள்ளை ஆஸ்பத்திரியில் நலமாகப் பிறந்தது. திரும்பி வரும்போது துவக்குச் சூடு விழுந்தது. எந்தக் கரையிலிருந்தென்று எவருக்கும் தெரியாது. கரையோரத்துக் கண்ணாக்காட்டில் தோணி மட்டும் கிடந்தது. அவனைக் கொன்றது குண்டா? குண்டுதான். ஆனால் அந்தக் குண்டின் முன்னால் காய்ச்சலோடு கொண்டுபோய் வைத்தது என் கொப்பி!

யாரது, மருமகனை அனுப்பமாட்டேன் என்பவர்? ஆச்சிப்பிள்ளை அக்காவா? அக்கா, உங்கள் மகளுக்குப் புருஷன் வேண்டும். என் சீதேவிக்கு அண்ணன் வேண்டாமா?

தோணி ஓட்டுபவர் இன்று மூவர். நாம் இருபத்துமூவர் சேர்ந்தால் இருபத்தாறு. பொய் சொல்லமாட்டேன்: கடதாசி நல்லதாகிவிடாது. துவக்குகள் இரு கரையிலும் இருக்கும். நம்மிலும் சிலர் சாவோம். ஆனால் இருபத்தாறு பேருக்குள் ஒருவன் “இண்டைக்கு ஏலாது” என்று சொல்லலாம். அதைக் கேட்டு எழும்ப இன்னொருவன் இருப்பான். மூன்று பேருக்குள் அந்தச் சொல்லுக்கே இடமில்லை. காத்திருக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுப்போமா? கொடுப்போமா, மாப்பிள்ளைமாரே?

துறையில் இந்நேரம் ஒரு நோயாளி படுத்திருக்கிறார். முறை தங்கராசாவுடையது, முந்தநாள்தான் போய்வந்தவர். தம்பி தங்கராசா, நீங்கள் உட்காருங்கள். நான் போகிறேன். எனக்குத் தோணிச் சவள் வலிக்கச் சரியாகத் தெரியாது. பின்னாலே வேம்பின் கீழிருந்து தெரிந்த ஒருவர் கூட வரட்டும்.

பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், ஏசாமல் கேட்ட தாய்மாருக்கும் என் நன்றி. சீதேவி, அழாதே. சபையோரே, வணக்கம். போயிற்று வாறன்.