அம்மோருன்னு நெனச்ச சிரங்கு

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிக்கினு இருக்கிறேன். தோள்ல செல்வி. என் பொண்ணு. நாலு வயசு. மூஞ்சி மேல என் துண்டு. சித்தூர்ல எங்க சந்து. எங்களப் பாத்து டப்புனு ஒரு கதவு சாத்துது. டப்புனு இன்னொண்ணு. எதிர்வூட்டுக்காரி கத்துறா.

"பசங்கள உள்ள இழு! காத்து பட்டாலே ஒட்டிக்கும்!"

மாங்கா கூழு பேக்டரி சங்கு ஊதுது. காலைல ஆறு. அங்க லாரில மாங்கா எறக்குறவன் நான். இன்னிக்கு எறக்கல.

மொதல்ல மூக்கோரம் ஒரு கொப்புளம். கொசு கடிச்ச எடம். சொறிஞ்சா. ஒடைஞ்சுது. தண்ணி வந்துச்சு. காஞ்சா தேன் கலர்ல பொருக்கு. அப்புறம் வாயோரம். அப்புறம் கை. சந்தே பாத்துட்டு சொல்லிடுச்சு, அம்மைதான், அம்மோரு வந்துக்கிறான்னு. நானும் பெரிய டாக்டரு மாதிரி தலையாட்டினேன். மூணாங்கிளாசு தாண்டாத டாக்டரு. வாசல்ல வேப்பில கட்டினேன். சோப்பு இல்ல. குளியல் இல்ல. மருந்து இல்ல. யாரும் வரல. அரிக்குதுன்னு அவ அழுதா துண்டால தொடைச்சேன். அதே துண்டால என் மூஞ்சியையும். எனக்கும் ஒதட்டோரம் வந்துச்சு. கண்ணாடில பாத்தா ஜிலேபி திருடித் துன்னவன் மாதிரி இருந்தேன். சிரிச்சேன். கூட சிரிக்க ஆளில்ல.

பொண்டாட்டி பிச்சாட்டூர்ல. அவங்க அம்மா வூடு. பையன் பொறந்துக்கிறான். ஞாயித்துக்கெழம பேரு வெக்கிறாங்க. காதுல பேரு சொல்லவேண்டியவன் நானு. ஒரு பேரு வெச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. செல்விக்கு தம்பிய மடில வெச்சுக்கணும்னு ஒரே அடம். அதுக்குள்ள அம்மோரு எறங்கிடுவான்னு இருந்தேன். எறங்கல. ஜொரம்தான் ஏறுச்சு.

திருப்பதி பஸ்ஸு. அங்க பெரிய கொழந்தைங்க ஆஸ்பத்திரி. பக்கத்துல இருந்தவரு எழுந்து போறாரு. முன்சீட்டும் காலி. ராஜா மாதிரி ஒக்காந்துக்கினு போறோம்.

"எல்லாரும் எங்க நைனா போறாங்க?"

செல்வி கேக்குறா. அப்பன் நான் துண்ட அவ மூஞ்சி மேல இன்னும் இழுத்து வுடுறேன்.

டாக்டரம்மா பாதி தெலுங்கு, பாதி தமிழு. அம்மோரு இல்லன்னாங்க. ஒட்டுற சிரங்கு. கிருமி. சொறிஞ்ச எடத்துல பூந்துக்கும். புண்ணு தண்ணி கையில, துண்டுல, தலகாணில பட்டு அடுத்தவங்களுக்குப் போவும். சோப்பு போட்டு குளிப்பாட்டு. பொருக்க வெதுவெதுப்பான தண்ணில ஊறவெச்சு மெதுவா எடு. மேல களிம்பு. ஜொரம் இருக்கறதால உள்ளுக்கும் மருந்து. காஞ்சிடுச்சுன்னு நடுவுல நிறுத்தாத. நகம் வெட்டு. ஆளுக்கொரு துண்டு, சுடுதண்ணில தொவ. மூஞ்சி வீங்குனா, ஒண்ணுக்கு டிக்காஷன் கலர்ல போனா, ஒடனே தூக்கியா.

என் தோளப் பாத்தேன். எதிரியோட வண்டி, அந்தத் துண்டு, அங்கதான் தொங்கிக்கினு இருந்துச்சு.

வூட்ல வேற யாருன்னாங்க. பச்சக்கொழந்தன்னேன். எழுதிக்கினு இருந்த கை நின்னுச்சு. ரெண்டு பேருக்கும் முழுசா ஆறுற வரைக்கும் அதுகிட்ட போவாதன்னாங்க.

போன் பண்ணேன். பொண்டாட்டி எடுத்தா. சொன்னேன். பின்னால பையன் அழுவுறான்.

"வராதய்யா. செல்வி வேணாம்னு சொல்லல. இப்ப வராத."

ஞாயித்துக்கெழம. செல்விக்கு பொருக்கு ஊறவெச்சுக்கினு இருக்கிறேன். போன்ல பொம்பளைங்க பாட்டு. மாமனாரு அவன் காதுல பேரு சொல்றாரு. ஒரு தபா. ரெண்டு தபா. மூணு தபா. அவரு அப்பா பேரு. நல்ல பேருதான். நான் வெச்சிருந்தது வேற. கட் பண்ணிட்டு களிம்பு தடவினேன்.

களிம்பு தீந்துச்சு. மருந்து தீந்துச்சு. ரெண்டு பேருக்கும் சிரங்கு ஆறிடுச்சு. தழும்பு கூட இல்ல.

சேதம் சொல்றேன். யாரும் சாவல. தம்பிக்கு ஒட்டல. ஒரு துண்டு, ஒரு தலகாணி, கொளுத்திட்டேன். பேரு ஒண்ணு. பையன் மூஞ்சி பாக்காம போன நாளுங்க. அப்புறம் இது. நேத்து பிச்சாட்டூரு போனோம். பொண்டாட்டி பையன செல்வி மடில வெக்கப் போனா. செல்வி கைய பின்னால கட்டிக்கினா.

"ஆறிடுச்சு கண்ணு. இப்ப தொடலாம்."

"தெரியும் நைனா"ன்னா.

தொடல.