திருத்தப்பட்ட தந்தை

அவையை அமைதியால் ஆளும் தலைவர் அவர்களே! கல்லூரியின் கண்ணாக விளங்கும் முதல்வர் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளின் பெருமை காண வந்திருக்கும் தாய்மார்களே! இன்றுமுதல் எழுத்து உதவி அறையில் சக மாணவர்களுக்குத் துணை நிற்கப்போகும் இளையோரே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

வாழ்த்த அழைத்தீர்கள். வருத்தத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

என் அப்பா லிப்ட் மெக்கானிக். முதலாண்டில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். "லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் என் அப்பா பொய் சொல்வார். ரெண்டே நிமிஷம் என்பார். அரைமணி நேரம் ஆகும்." இப்படித்தான் தொடங்கினேன். சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள், அப்பாவும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

அதைத் திருத்திக்கொள்ள எழுத்து உதவி அறைக்குப் போனேன். அன்று அங்கே இருந்தவர் மூன்றாமாண்டு அக்கா ஒருவர். தங்கமான மனசு. "அப்பாவைப் போய்ப் பொய் சொல்றவர்னு எழுதலாமா கண்ணு? கொடு, நான் சரிபண்ணித் தரேன்" என்றார். பேனா ஓடியது. பிழை போனது, பொய் போனது, அப்பாவும் போனார்! "என் தந்தை இடருற்றோர்க்கு ஆறுதல் அளிக்கும் அருளாளர்" என்று ஆனது. கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது.

வீட்டுக்கு ஓடினேன். கையில் கிரீஸ் கறையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"யாரும்மா இந்த மனுஷன்? ரொம்ப நல்லவரா இருக்காரே!"

"நீங்கதான்ப்பா!"

"அப்படியா? நான் புளுகுறதை எழுதலையா?"

"எழுதினேன்ப்பா. அக்கா திருத்திட்டாங்க."

"ஓ... படிச்ச பிள்ளை. சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். அதன்பின் அந்தக் கட்டுரையைப் பற்றி அவர் பேசவே இல்லை. அடுத்த ஆண்டு மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

அந்த அக்கா கெட்டவரா? இல்லை! அன்பில்லாதவரா? இல்லவே இல்லை! அள்ளிக் கொடுத்தார், கேட்கத்தான் மறந்தார்.

அப்பா போனபின் மீண்டும் எழுதினேன். இம்முறை அறையில் ஓர் அண்ணன். தாளைத் தொடவே இல்லை. "நீயே சத்தமாப் படிம்மா" என்றார். படித்தேன். தடுக்கிய இடமெல்லாம் என் காதுக்கே கேட்டது, நானே திருத்தினேன். 'ரெண்டே நிமிஷம்' வந்ததும் அவர் கேட்டார்: "அதைக் கேட்டதும் உள்ள இருக்கிறவங்க என்ன செய்வாங்க?"

யோசித்தேன். "லிப்டுக்குள்ள இருக்கிற அபாய மணியை அடிக்கிறதை நிறுத்திடுவாங்க."

"இதை ஏன் எழுதல?"

ஏன் எழுதவில்லை? யாரும் கேட்கவில்லையே! பதறிப்போய் மணியை அழுத்திக்கொண்டே இருந்தவர்கள், ஒரு பொய்யை நம்பி மூச்சு விட்டார்கள். என் அப்பா யாரென்று அந்த உதவி அறை நாற்காலியில்தான் எனக்கே புரிந்தது. மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன். அண்ணன் ஆறுதல் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு நான் எழுதினேன்.

அதற்குப் பரிசு வந்ததா என்கிறார் அங்கே ஒரு தம்பி. இல்லை ஐயா, சுமாரான மதிப்பெண்தான்! அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இரு, அந்த மணி நிக்கிற இடத்தை இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். "இதைக் கேட்க அந்த மனுஷனுக்குக் கொடுத்து வைக்கலையே" என்றார். அந்த ஒரு சொல் இன்றும் என் நெஞ்சில் முள்.

இளையோரே! பேனாவைப் பிடுங்குவது எளிது, பொறுத்திருப்பதுதான் அரிது. உங்கள் எதிரே தவறும் தடுமாற்றமுமாக ஒரு தாள் வரும். அதற்குள் யாருடைய அப்பா இருக்கிறாரோ, யாருடைய அம்மா இருக்கிறாரோ, நீங்கள் அறியமாட்டீர்கள். ஆகவே கேளுங்கள்! கேட்டுவிட்டுக் காத்திருங்கள்! எழுத வேண்டியவர் எழுதட்டும், அதைக் கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே எழுதட்டும்!

இடையில் எழுந்து போகாமல் இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.