முடிசூட்டுக் கச்சு

உங்கள் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் தளர்ந்து தொங்குகிறது, ஐயா. ஊசியும் நூலும் கொடுத்தால் பேசிக்கொண்டே தைத்துத் தந்துவிடுவேன். கொடுக்க மாட்டீர்கள், பரவாயில்லை.

அரண்மனை உடுப்பறை என் பொறுப்பில் இருந்தது. முடிசூட்டு நாளில் எந்த அரசியானாலும் அந்த ஒரே கச்சைத்தான் அணிய வேண்டும். முதல் அரசியின் இடுப்புக்கு வெட்டிய பட்டு; உள்ளே இரும்புப் பட்டைகள்; முதுகில் இழுத்துக் கட்டக் கயிறு. முடிச்சைப் போட்டவளேதான் அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்பது வழக்கம். பட்டினி கிடந்தாவது அதற்குள் நுழைந்தார்கள். ஒருத்திக்காகவும் தையலைப் பிரித்ததில்லை.

இந்தப் புது அரசி, சின்னப் பெண், நல்லவள். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் நுரையீரல் காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தாள். ஓரத் தையலைப் பிரித்து நான்கு விரல் அகலம் விடச் சொன்னார் மருத்துவர். மருந்து கலக்குகிறவருக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும்? பழைய பட்டில் தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் மூடவே மூடாது. அரசிகள் வருவார்கள், போவார்கள். தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

உடுத்தும்போது, "தையலப் பிரிச்சாச்சாக்கா?" என்று கேட்டாள்.

"பிரிச்சாச்சும்மா. மூச்ச வெளிய விட்டுட்டு நில்லுங்க."

"அப்படியும் இறுக்குதேக்கா."

"உரல்ல தலையக் குடுத்துட்டு உலக்கைக்குப் பயந்தா ஆகுமா ராணியம்மா?"

சிரித்தாள், சிரிக்க மூச்சு போதவில்லை. முழங்காலை அவள் முதுகில் ஊன்றிக் கயிற்றை இழுத்து முடிந்தேன்.

அரியணைக்கு முதுகுச் சாய்வு கிடையாது. நான் அதற்குப் பின்னால் நின்றேன். சடங்கின் நடுவில் அவள் கை பின்னால் வந்து முடிச்சைத் தேடியது. எட்டவில்லை. என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். விரல்களை மெதுவாக விடுவித்து, கையை அவள் மடியில் வைத்து, சட்டைக்கையின் சுருக்கத்தை நீவிவிட்டேன். பிறகு அவள் அசையவில்லை. பட்டைகள் அவளை நிமிர்த்தியே வைத்திருந்தன. என்ன கம்பீரம் என்று சபையே வாய்விட்டுச் சொன்னது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கிரீடம் வைக்கும்போதே உயிர் போயிருந்தது என்று மருத்துவரே சொல்கிறார். எனக்கும் தெரியும்; கை சில்லிட்டபோதே தெரியும். நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மனிதர், போன உயிரைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி, கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்திலிருந்து இடுப்புவரை கச்சை வெட்டிப் போட்டுவிட்டார்.

அவரை எப்போது கைது செய்யப் போகிறீர்கள்?