ஒயின் பாட்டில் மூடி செய்யும் மாப்பிள்ளை

கிணத்துக்கடவு பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் பெண்ணைப் பெற்றவர் ஒருவர். அவருக்கு எதிர்வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை.

"ஏனுங்கம்மணி, பையன் ஒயின் பாட்டிலுக்குக் கார்க் செய்யறானாமா? சாராயத் தொழிலுக்குப் பொண்ணு தரமாட்டனுங்க."

"ஒயின் ஊத்தறது வேற ஆளுங்க. இவன் பிளாஸ்டிக்குல மூடி மட்டுந்தானுங்க செய்யறான். ஒரு சொட்டு குடிச்சதில்லைங்க."

"மரக்கார்க் இருக்கறப்ப இதெதுக்குங்க?"

"அது உதிர்ந்து உள்ள உழுந்துருமுங்க, சிலது பூசண வாசம் அடிக்குமுங்க. இது அப்பிடி ஆவாதுங்க. பாட்டிலை நிக்க வெச்சாலும் மரக்கார்க் மாதிரி காஞ்சு சுருங்காதுங்க."

அந்த அம்மா பையிலிருந்து அந்த மூடியில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெண்ணின் அப்பா அழுத்திப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். ஊர் வந்ததும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பொண்ணு பார்க்க வாரப்ப பையனை இன்னும் நாலு கொண்டாரச் சொல்லுங்க. எங்கூட்டு எண்ணெய் பாட்டிலுக்கு ஆவும்."