நடுவரின் கண்

லாஸ்பேட்டைப் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தனர். மரப்பந்துக்கு நெருக்கமாக இரும்புக் குண்டை எறியும் பெத்தாங் ஆட்டத்தின் நடுவர்கள் அவர்கள்.

“காலையில வரிசையா சரியாச் சொன்னதுதான் மச்சான், என் கண்ணக் கெடுத்துச்சு.”

“எப்புட்றா?”

“செவப்புச் சட்டக்காரங்க குண்டே கிட்ட வந்துக்கினு இருந்துச்சு. கடைசிக் குண்டும் அப்படியே தெரிஞ்சுது. எதிர் டீம் அளக்கச் சொன்னாங்க. எனக்குத் தெரியாதான்னு அதட்டிட்டேன். வீடியோவுல பாத்தா எதிர் டீம் குண்டுதான் கிட்ட.”

“வெளிய சொன்னா, சாயங்காலம் ஃபைனல்ல உன்ன நிக்க வுடமாட்டாங்கடா.”

“வுட வேணாம். காலை ஆட்டத்த மறுபடி வைக்கச் சொல்லப் போறேன்.”

“அப்ப ஃபைனலுக்கு யாரு?”

மைதானத்து நிறுத்தத்தில் இறங்குவதற்கு எழுந்தவர், திரும்பிச் சொன்னார்:

“நீ நில்லு. பாத்தவொடனே நிச்சயமாத் தெரிஞ்சா, கட்டாயம் அளந்துடு.”