நானூற்று ஏழாம் பக்கத்துத் திருத்தம்

— சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க அண்ணி. அப்பதான் சொல்வேன்.

— மூணு மணிக்கு என் லேப்பை மூடப் போறாங்க. எனக்கு எங்கேருந்து சிரிப்பு வரும்? சீக்கிரம் சொல்லு, கணக்குப்பிள்ளை. கை வேலையை விட்டுட்டு மூணு மாடி ஏறி உன் லைப்ரரிக்கு வந்திருக்கேன்.

— லிஃப்ட் இருக்கே.

— லிஃப்ட்ல பேட்டரி டிபார்ட்மென்ட்காரங்க நின்னாங்க. காலையில என் ரெண்டு ரூமையும் டேப் வச்சு அளந்தாங்களே, அதே ரெண்டு பேர். கதிர்வீச்சுக்கு மறைப்பா ஈயக் கல்லு அடுக்கி வச்சிருக்கேன் இல்லையா, அதையெல்லாம் எங்க தூக்கிப் போடறதுன்னு என்கிட்டயே கேக்கறாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஒரு கல்லு பதினோரு கிலோ, தூக்கிப் பாருங்கன்னேன். பெரியவர் தூக்கினார், அப்படியே வச்சுட்டார். சின்னவர் டேப்பைச் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டார்.

— நல்லா வேணும். உக்காருங்க அண்ணி. எந்த லேப்பை மூடறதுன்னு பாக்க வந்திருக்கற குழுவுக்கு நேத்து நான் கொடுத்த அறிக்கையைப் பாத்தீங்க இல்லையா?

— பாக்காம? ரேடியோகெமிஸ்ட்ரியில உலகம் எந்தப் பக்கம் போகுது, நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் நிக்கறாங்கன்னு அறுபது பக்கம். அதுல கடைசிப் பக்கம், கடைசி வரி நான். அஞ்சு வருஷத்துல இருபத்தெட்டு மேற்கோள். நாத்தனார் கையாலயே எனக்கு முடிவுரை எழுதிட்டே.

— மத்தவங்க தங்களோட கட்டுரையில உங்க கட்டுரையைச் சொன்னாத்தானே நான் எண்ண முடியும்? எண்ணினா அவ்வளவுதான் வந்துச்சு.

— உன்னைக் குத்தம் சொல்லலடி. உங்கண்ணன்தான் காபி குடிச்சுக்கிட்டே சொல்றார், என் தங்கச்சி எண்ணினா தப்பே வராதுன்னு. பொண்டாட்டியோட லேப் போகுது, மனுஷனுக்குத் தங்கச்சி பெருமை.

— அண்ணன் சொன்னது தப்பு. நான் தப்பா எண்ணிட்டேன்.

— என்ன?

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். முறையா சொல்றேன். இந்தப் படத்தைப் பாருங்க. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ரேடியோகெமிஸ்ட்ரியில பாதிப் பேர் அணு உலைக் கழிவைப் பத்தி எழுதினாங்க. இப்ப பாருங்க, அந்தக் கோடு சரிஞ்சு கிடக்கு. இந்தக் கோடு ஏறுது. ஆஸ்பத்திரியில உடம்புக்குள்ள படம் எடுக்கறதுக்கும், புற்றுநோய்க் கட்டிக்கு மருந்து கொடுக்கறதுக்கும் ஐசோடோப் பண்றாங்க பாருங்க, அவங்க கோடு.

— இது தெரிஞ்ச விஷயம்தானே. நானே அதைத்தானே பண்றேன்.

— இதோ, இங்க ஒரு மேடு. திடீர்னு ஒரு வருஷத்துல கதிர்வீச்சுத் தாமிரம் பண்றவங்க ரெண்டு மடங்கு ஆயிட்டாங்க. பெரிய பெரிய லேப் இல்ல. ஆஸ்பத்திரியோட கீழ்த்தளத்துல ஒரு ரூம், மூணு பேர் வேலை பாக்கற இடம், இந்த மாதிரி. இவங்களுக்கு எப்படித் திடீர்னு கைவந்துச்சுன்னு மண்டை குடைஞ்சுது. அறிக்கையைக் கொடுத்துட்டேன், ஆனாலும் மனசு கேக்கல. இன்னைக்குக் காலையில ஒவ்வொருத்தரும் யாரைச் சொல்லியிருக்காங்கன்னு தோண்டினேன்.

— உனக்கு வேற வேலையே இல்ல.

— எல்லாரும் ஒரே பக்கத்தைச் சொல்றாங்க அண்ணி. பதினோரு வருஷத்துக்கு முந்தின இதழ். நானூத்தி ஏழாம் பக்கம்.

— இரு. அந்தப் பக்கமா?

— அந்தப் பக்கம்தான்.

— அது என்னோட கட்டுரை இல்லடி. அது நான் போட்ட திருத்தம்.

— முந்நூத்திப் பன்னெண்டு பேர்.

— என்ன முந்நூத்திப் பன்னெண்டு?

— முந்நூத்திப் பன்னெண்டு கட்டுரையில உங்க திருத்தத்தைச் சொல்லியிருக்காங்க. அதுல இருநூத்தி அறுபது இந்த அஞ்சு வருஷத்துல. இந்தக் கட்டடத்துல இருக்கற எந்தப் பெரிய மனுஷனோட கட்டுரைக்கும் அவ்வளவு இல்ல. சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன், இப்படி முழிக்கறீங்களே.

— திட்டியிருப்பாங்க. இப்படித் தப்பு பண்ணாதீங்கன்னு உதாரணத்துக்கு எடுத்திருப்பாங்க.

— திட்டினவங்க உங்க மூலக் கட்டுரையைச் சொன்னவங்க. மொத்தம் ஒன்பது பேர், அதுல நாலு பேர் நல்லாவே திட்டியிருக்காங்க. நான் கெமிஸ்ட்ரி படிச்சவ இல்ல, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அந்தத் தப்புதான் என்ன? வீட்டுல அந்தப் பேச்சு எடுத்தாலே நீங்க எழுந்து போயிடுவீங்க.

— சொல்ற மாதிரியா இருந்துச்சு? நிக்கல்ல கதிர் பாய்ச்சினா கொஞ்சம் தாமிரம் உண்டாகும். கூடவே கோபால்ட்டும் வரும். மருந்துக்குத் தாமிரம் மட்டும் வேணும். ஆசிட்டுல கரைச்சு, ஒரு குழாய்ல ஊத்தி, ஒவ்வொண்ணா கழுவி இறக்கணும். தாமிரம் பன்னெண்டு மணி நேரத்துல பாதி போயிடும், அதனால நிதானமா யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது. எங்களுக்குப் பிரமாதமா பிரிஞ்சுது. ஆசிட்டோட வீரியம் ஆறுன்னு எழுதி அனுப்பினேன். அச்சாச்சு. ஊரெல்லாம் ஆறு போட்டுப் பாத்தாங்க, கோபால்ட் தாமிரத்தை விட்டு நகரவே இல்ல.

— உங்களுக்கு மட்டும் எப்படி நகர்ந்துச்சு?

— அந்தக் கேள்வியாலதான் எனக்கு மூணு மாசம் சோறு தண்ணி இறங்கல. திரும்பப் பண்ணினேன், எனக்கும் நகரல. நான் பொய் சொல்லிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கடைசியில பழைய பாட்டில் ஒண்ணு அலமாரிக்குப் பின்னாடி இருந்துச்சு. மேல ஒட்டின சீட்டுல ஆறு. உள்ள இருக்கறதை அளந்தா நாலரை. எப்பவோ நானே தண்ணி கலந்துட்டு, சீட்டை மாத்தாம விட்டிருக்கேன்.

— நீங்களேவா?

— சீட்டுல என் கையெழுத்து. ரேடியோகெமிஸ்ட் பண்ணக்கூடாத முதல் தப்பு அதுதான். அதையும் எழுதினேன். வீரியம் ஆறு இல்ல, நாலரை, சீட்டு மாத்தாதது நான், நாலரையில என்ன நடக்குது, எத்தனை சொட்டுல கோபால்ட் இறங்குது, எப்ப தாமிரம் வருதுன்னு ஒரு பக்கத்துல போட்டு, மன்னிப்பும் கேட்டு அனுப்பினேன். அதுக்கப்புறம் அந்த இதழைத் திறந்தே பாக்கல.

— பதினோரு வருஷமா?

— பதினோரு வருஷமா. மாநாட்டுல யாராவது ரெண்டு பேர் என்னைப் பாத்து குசுகுசுன்னு பேசினா, பாட்டில் கதைதான் பேசறாங்கன்னு நினைச்சுப்பேன். வெக்கம்னா அப்படி ஒரு வெக்கம்.

— அப்ப இதைக் கேளுங்க. படிக்கறேன். "கோபால்ட்டைப் பிரிக்க முடியாமல் இரண்டு ஆண்டுகள் திணறினோம். திருத்தத்தில் கொடுத்த அளவைப் பின்பற்றிய முதல் நாளே பிரிந்தது."

— யாரு எழுதினது?

— ஏதோ ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. அடுத்தது. "இத்துறையில் மிகத் தெளிவாக எழுதப்பட்ட ஒரே பக்கம் இதுதான் என்று எங்கள் மாணவர்களுக்குச் சொல்கிறோம்."

— போடி. நீயா சேர்த்துப் படிக்கறே.

— திரையைப் பாருங்க. என் விரல் இருக்கற இடத்துல.

— கண்ணாடியைக் கீழயே வச்சுட்டு வந்துட்டேன். நீயே படி. இன்னொண்ணு படி.

— "நூற்று நாற்பது நோயாளிகளுக்கான மருந்து இந்த முறையில் தயாரானது."

— அதை மறுபடி படி.

— "நூற்று நாற்பது நோயாளிகளுக்கான மருந்து இந்த முறையில் தயாரானது." அண்ணி, அழறீங்களா?

— இல்லடி. சந்தோஷமா இருக்கு. ரொம்ப சந்தோஷமா இருக்கு. அவ்வளவுதான். நூத்தி நாப்பது பேரா?

— அது ஒரே ஒரு ஆஸ்பத்திரி. இன்னும் முந்நூத்திச் சொச்சம் பாக்கி இருக்கு.

— சரி, சரி. கர்ச்சீப்பைக் கொடு. அது சரி, இது ஏன் உன் அறிக்கையில வரல? நீ கமாவைக்கூட எண்ணறவளாச்சே.

— அதுதான் நான் சொல்லக் கூச்சப்பட்ட விஷயம். நம்ம சென்ட் டாக்டர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? வராந்தாவுல நடந்தா அவருக்கு முன்னாடி வாசனை வரும்.

— அவரை மறக்க முடியுமா? போன பிறகும் ஒரு மணி நேரம் இருப்பார்.

— அவர் பதினாலு கட்டுரைதான் எழுதினார். ஆனா நாப்பத்தோரு திருத்தம் போட்டார். ஒரு தடவை புள்ளி விட்டுப்போச்சுன்னு, ஒரு தடவை புள்ளி கூடிப்போச்சுன்னு. எல்லாத்தையும் தன் கணக்குல சேர்த்து, அம்பத்தஞ்சு படைப்புன்னு பதவி உயர்வு கேட்டார். எனக்குக் கோவம் வந்து, இனிமே திருத்தம் எதையும் எண்ணக்கூடாதுன்னு நம்ம கணினியில ஒரு வடிகட்டி போட்டேன். ஆறு வருஷம் ஆச்சு. போட்டதே மறந்துபோச்சு.

— அந்த வடிகட்டியில நான் மாட்டிக்கிட்டேனா?

— சென்ட் டாக்டருக்கு வச்ச வலையில எங்க அண்ணியைப் பிடிச்சுட்டேன். இப்பதான் நீங்க சிரிக்கக் கூடாது.

— எப்படிடி சிரிக்காம இருக்கறது? ஐயோ, வயிறு வலிக்குது. லைப்ரரியில எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.

— பாக்கட்டும். நான் பத்து நிமிஷத்துல புது அறிக்கை அடிச்சு, மூணு மணிக்குள்ள குழு கையில கொடுத்துடறேன்.

— கொடுக்கக் கூடாது.

— என்ன அண்ணி?

— யோசிச்சுப் பாரு. மூடப்போற லேப், மூடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி லைப்ரரியிலேருந்து திருத்தின அறிக்கை வருது, அதுல அந்த லேப் கடைசி வரியிலேருந்து முதல் வரிக்குப் போகுது. எழுதினது யாருன்னு பாத்தா நாத்தனார். குடும்பமே சேர்ந்து கணக்கைத் திருத்திட்டாங்கன்னு சொல்வாங்க. எனக்கு லேப் போகும், உனக்கு வேலை போகும். உங்கண்ணனுக்குப் பெருமைப்பட ஆளே மிஞ்சாது.

— ஆனா அது உண்மைதானே?

— உண்மைதான். சொல்ற வாயைப் பாத்துத்தான் நம்புவாங்க.

— அப்ப உங்ககூட வேலை பாக்கறவங்க ஆறு பேர்? அவங்களுக்கு என்ன பதில்?

— அதுதான் எனக்குக் கவலை. எனக்கு வேற ரூம் கொடுப்பாங்க. அவங்களை ஆளுக்கொரு மூலைக்குத் தள்ளிடுவாங்க. அதுக்காக உன்னைப் பலி கொடுக்க முடியுமா?

— நான் தப்பு பண்ணியிருக்கேன் அண்ணி. தப்புன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா? நீங்க உங்க தப்பை அச்சுல ஏத்தினீங்க. எனக்கு மட்டும் வேற நியாயமா?

— வாயாடி. என்னையே மடக்கறே. மெதுவா பேசு, யாரோ வராங்க. கழுத்துல விருந்தினர் அட்டை. குழுவோட ஆளு.

— மன்னிக்கணும் அம்மா, பேச்சுல குறுக்கிடறேன். இந்த அறுபது பக்க அறிக்கை எழுதினது யாருங்க?

— நான்தான் சார்.

— நல்ல உழைப்பு. பாருங்க, மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுட்டு முழுசும் படிச்சேன். ஆனா ஒரு விஷயம் புரியல. நான் ஆஸ்பத்திரி ஆளு. கதிர்வீச்சுத் தாமிரம் பண்றோம். உங்க நிறுவனத்துலேருந்து வந்த ஒரு பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்க வேலை மேஜைக்கு மேல மாட்டியிருக்கோம். ஒரு திருத்தம். அது இந்த அறிக்கையில எங்கயுமே இல்லையே?

— இல்ல சார். அது என் தப்பு. திருத்தங்களை எண்ணாத மாதிரி நான் வச்சிருந்தேன், அது இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் இதுவரைக்கும் முந்நூத்திப் பன்னெண்டு மேற்கோள் வந்திருக்கு. எழுதித் தரத் தயார். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். அந்தப் பக்கத்தை எழுதினவங்க எனக்கு அண்ணி.

— அதுக்கென்ன?

— சொந்தக்காரங்களுக்காகக் கணக்கை மாத்தறேன்னு நீங்க நினைக்கலாம்.

— அந்த முந்நூத்திப் பன்னெண்டு பேரும் உங்களுக்குச் சொந்தமா?

— இல்ல சார்.

— நானும் இல்ல. அப்ப தாராளமா எழுதுங்க. ஆமா, அறிக்கையில லேப் நம்பர்தான் இருக்கு, யார் பேரும் இல்ல; அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க? ரிட்டயர் ஆயிட்டாங்களா? இவ்வளவு தூரம் வந்துட்டு அவங்களைப் பாக்காம போனா என் ஆளுங்க என்னை உள்ளயே விட மாட்டாங்க.

— சொல்லுங்க அண்ணி. ஏன் என் பின்னாடி ஒளியறீங்க?

— ரிட்டயர் ஆகல சார். மூணு மணிக்கு நீங்க மூட வரப்போற ரூம்லதான் வேலை பாக்கறேன்.

— நீங்களா? அம்மா, அந்தக் குழுவுக்குத் தலைவரே நான்தான். மூடறதைப் பத்தி யார் என்ன பேசறதா இருந்தாலும் அப்புறம் பேசட்டும். முதல்ல ரூம் எந்தப் பக்கம்னு காட்டுங்க, எங்க ஆளுங்க ஆறு பேரை உங்ககிட்டப் பயிற்சிக்கு அனுப்பணும், அவங்க உக்கார இடம் போதுமான்னு பாக்கறேன்.